காலேஜ்ல வயலின், செல்லோ படிக்கிறவங்க ஆர்கெஸ்ட்ரா ஃபெலோஷிப்புக்குப் போறது எப்படி: ஆரம்பத்துலேர்ந்து ஒரு வழிகாட்டி

யூனிவர்சிட்டில வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ்னு எதை மேஜரா எடுத்தாலும் நாலு வருஷமும் பெரும்பாலும் தனியா வாசிக்கத்தான் சொல்லிக் குடுப்பாங்க. ஒரு கன்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ரா கூட வர ஒருத்தர் தனியா முன்னால வாசிக்கிறது), கொஞ்சம் பாக் இசை, ரெண்டு சொனாட்டா, வருஷக் கடைசில ரிசைட்டல். காலேஜ் ஆர்கெஸ்ட்ரா இருக்கும்தான், ஆனா அங்க ஒரு ப்ரோக்ராமுக்கு வாரக்கணக்குல ரிகர்சல் ஓடும், முதல் நாள் பார்ட்டை, அதாவது நம்ம வாத்தியத்துக்கான நோட்டை, திறந்தே பாக்காம வந்து உக்காந்தாலும் மூணாவது வாரத்துக்குள்ள சமாளிச்சுடலாம். சம்பளம் குடுக்குற ஆர்கெஸ்ட்ரால அந்தப் பேச்சுக்கே இடமில்ல, அமெரிக்கால பொதுவா நாலு ரிகர்சல், உடனே கச்சேரி, லண்டன்ல சில ப்ரோக்ராமுக்கு அதைவிடவும் கம்மி, அடுத்த வாரம் வேற கண்டக்டர், வேற சிம்ஃபனி.

இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியைத் தாண்ட வைக்கத்தான் ஃபெலோஷிப். படிச்சுக்கிட்டே, இல்லன்னா படிச்சு முடிச்ச கையோட, நிஜமான ஆர்கெஸ்ட்ராவோட செக்ஷனுக்குள்ள, அதாவது ஒரே வாத்தியக்காரங்க சேந்து உக்காருற குழுவுக்குள்ள, உக்காந்து வாசிக்கலாம், பக்கத்துல இருபது வருஷமா அதே வேலை பாக்குறவர் இருப்பார். நான் பாத்த வரைக்கும் அப்ளை பண்றவங்க எல்லாரும் உழைப்பை மொத்தமா ஆடிஷன்லயே கொட்டிடறாங்க, உள்ள போனப்புறம் முதல் ரிகர்சல்ல எப்படி உக்காரணும்னு யோசிக்கறதே இல்ல. மறுபடி கூப்பிடுவாங்களா மாட்டாங்களான்னு முடிவாகுறது அங்கதான், அதனால ரெண்டு பக்கத்தையும் சொல்றேன்.

எந்த மாதிரி ஃபெலோஷிப்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

எல்லாத்துக்கும் ஃபெலோஷிப், அகாடமி, ஸ்கீம்னு பேர் மாறி மாறி இருக்கும், ஆனா உள்ள மூணு வகைதான்.

முதல் வகை, படிக்கிற காலத்துலயே சில ப்ரோக்ராமுக்கு மட்டும் போய் வாசிக்கிறது. லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோட ஸ்ட்ரிங் எக்ஸ்பீரியன்ஸ் ஸ்கீம் இதுக்கு நல்ல உதாரணம், 1992லேர்ந்து நடக்குது, லண்டன் கன்சர்வடாய்ர்கள்ல, அதாவது இசைக் கல்லூரிகள்ல, படிக்கிற ஸ்ட்ரிங் மாணவர்கள் ரிகர்சல், கச்சேரி ரெண்டுலயும் வெளிலேர்ந்து வர்ற எக்ஸ்ட்ரா ப்ளேயர் மாதிரியே உக்காந்து வாசிச்சு காசும் வாங்குறாங்க. அமெரிக்கால சின்சினாட்டி சிம்ஃபனியும் அந்த ஊர் யூனிவர்சிட்டியோட இசைக் கல்லூரியும் சேந்து, ஆர்கெஸ்ட்ராக்கள்ல ரொம்பக் குறைவா இருக்குற சமூகங்கள்லேர்ந்து வர்ற ஸ்ட்ரிங் மாணவர்களுக்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதுல மேல்படிப்பும் ஆர்கெஸ்ட்ரா வாரங்களும் சேந்தே ஓடுற மாதிரி.

ரெண்டாவது, படிப்பு முடிச்சவங்களுக்கான அகாடமி. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோட கராயான் அகாடமி 1972ல ஹெர்பர்ட் ஃபான் கராயான் ஆரம்பிச்சது, ரெண்டு வருஷம், ஆர்கெஸ்ட்ரா ஆட்கள்கிட்டயே பாடம், அவங்களோடயே மேடை. ஆம்ஸ்டர்டாம் கன்செர்ட்கபோ ஆர்கெஸ்ட்ராவுக்கும் இப்படி ஒரு அகாடமி உண்டு. இங்கெல்லாம் போட்டி பயங்கரம், சொல்லவே வேண்டாம்.

மூணாவது, ட்ரெய்னிங் ஆர்கெஸ்ட்ரா. ஆர்கெஸ்ட்ராவே முழுக்க இளம் ஆட்கள்தான். மயாமி பீச்ல இருக்குற நியூ வேர்ல்ட் சிம்ஃபனி 1987ல மைக்கேல் டில்சன் தாமஸ் ஆரம்பிச்சது, அங்க ஸ்டைபெண்டோட, அதாவது உதவித்தொகையோட, தங்க இடமும் குடுக்குறாங்க. சிகாகோ சிம்ஃபனியோட சிவிக் ஆர்கெஸ்ட்ரா இன்னும் பழசு, 1919லேர்ந்து இருக்கு.

நீங்க இன்னும் டிகிரி படிச்சிட்டு இருந்தா முதல் வகைலேர்ந்து ஆரம்பிங்க. ஊர்ல இருக்குற சின்ன ஆர்கெஸ்ட்ராவா இருந்தாலும் பரவால்ல. பெரிய பேருக்காகக் காத்திருந்து மூணு வருஷத்தைக் கோட்டை விடுறதைவிட, சின்ன ஆர்கெஸ்ட்ரால பத்து ப்ரோக்ராம் வாசிச்சவர் எவ்வளவோ மேல.

அப்ளை பண்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

ஒரு சீசனுக்கு எத்தன சர்வீஸ்னு கேளுங்க. சர்வீஸ்னா ஒரு ரிகர்சல் இல்லன்னா ஒரு கச்சேரி, அமெரிக்கால ஒண்ணு பொதுவா ரெண்டரை மணி நேரம், முழுநேர ஆர்கெஸ்ட்ராக்கள்ல பெரும்பாலும் வாரத்துக்கு எட்டு வரைக்கும் போகும். அதுல உங்களுக்கு எத்தன, அது உங்க க்ளாஸோட மோதுமா, மோதினா டிபார்ட்மென்ட் விட்டுக் குடுக்குமான்னு எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க. அப்புறம் காசு. ஸ்டைபெண்டா, சர்வீஸ் கணக்கா, போக்குவரத்து யார் செலவு? காசே குடுக்காம அனுபவம்தான் சம்பளம்னு சொல்லி எக்ஸ்ட்ரா ப்ளேயர் உக்கார வேண்டிய நாற்காலியில மாணவரை உக்கார வைக்கிற இடத்துக்குப் போகாதீங்கன்னுதான் சொல்லுவேன், உங்களுக்கும் நல்லதில்ல, அந்த நாற்காலியை நம்பி வாழுறவங்களுக்கும் நல்லதில்ல.

மென்டார் யாருன்னும் கேளுங்க. பேருக்கு ஒருத்தரைக் காமிச்சுட்டு வருஷத்துக்கு ஒரு தடவ காஃபி குடிக்கிற ஏற்பாடா, இல்ல அதே செக்ஷன்ல இருக்குறவர் மாசாமாசம் பாடம் எடுத்து மாக் ஆடிஷன், அதாவது ஒத்திகை ஆடிஷன், வைக்கிறாரா? ஃபெலோஷிப் முடிஞ்சப்புறம் சப் லிஸ்ட்ல பேர் ஏறுமான்னு கேக்கவும் கூச்சப்படாதீங்க. சப் லிஸ்ட்னா யாராவது லீவு போட்டா கூப்பிடுற ஆட்கள் பட்டியல், படிப்பு முடிஞ்ச புதுசுல சோறு போடப் போறது அதுதான்.

வெளிநாட்டு விசால படிக்கிறவங்க இதைத் தள்ளிப் போடவே கூடாது. அமெரிக்கால எஃப்-1 மாணவர் விசால இருந்தா, காம்பஸுக்கு வெளில சம்பளத்துக்கு வாசிக்க முன்கூட்டியே சிபிடி (படிப்போட சேந்த வேலைக்கான அனுமதி) மாதிரி ஒரு அனுமதி வேணும், முதல் ரிகர்சலுக்கு அப்புறம் போய்க் கேட்டா அது விதிமீறல். பிரிட்டன்ல ஸ்டூடண்ட் விசால ஃப்ரீலான்ஸா, அதாவது சுயதொழிலா வேலை பாக்கக் கூடாது, மேடைக் கலைஞரா வேலை பாக்கவும் கட்டுப்பாடு இருக்கு, படிப்போட பகுதியா அமைஞ்ச ப்ளேஸ்மென்டுக்குத்தான் வழி. அப்ளிகேஷன் அனுப்புறதுக்கு முன்னாடியே காலேஜோட இன்டர்நேஷனல் ஆஃபீஸ்ல போய் உக்காந்து பேசிடுங்க.

ஆடிஷன்

லிஸ்ட் வரும். ஒரு கன்செர்ட்டோவோட எக்ஸ்பொசிஷன், அதாவது ஆரம்பப் பகுதி, அதோட நாலஞ்சு எக்ஸர்ப்ட், அதாவது ஆர்கெஸ்ட்ரா பார்ட்லேர்ந்து எடுத்த துண்டுகள். வயலினுக்கு மோட்சார்ட் மூணு, நாலு, அஞ்சுல ஒண்ணு, வியோலாக்கு ஷ்டாமிட்ஸ் இல்ல ஹோஃப்மைஸ்டர், செல்லோக்கு ஹைடன் டி மேஜர், பேஸுக்கு டிட்டர்ஸ்டார்ஃப் இல்ல வான்ஹால், பெரும்பாலும் இதுக்குள்ளதான் சுத்தும். கடென்ஸா (ஆர்கெஸ்ட்ரா நிக்க, சோலோ மட்டும் வாசிக்கிற இடம்) வேணுமா வேணாமான்னு லிஸ்ட்ல போட்டிருப்பாங்க, பாத்துக்கோங்க.

எக்ஸர்ப்ட்ல வயலினுக்கு ஷ்ட்ராஸோட டான் ஹுவான் முதல் பக்கம், ஷூமன் ரெண்டாம் சிம்ஃபனி ஸ்கெர்ட்ஸோ (வேகமான மூவ்மென்ட்), மோட்சார்ட் 39ம் சிம்ஃபனி, மெண்டல்சன் மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம் ஸ்கெர்ட்ஸோ. வியோலாக்கும் செல்லோக்கும் டான் ஹுவான், மெண்டல்சன், கூடவே பீத்தோவன் அஞ்சாம் சிம்ஃபனி ரெண்டாவது மூவ்மென்ட். பேஸுக்கு பீத்தோவன் ஒன்பதாம் சிம்ஃபனில பேச்சு மாதிரி வர்ற ரெசிடேட்டிவ் அனேகமா இருக்கும். பழைய பார்ட்டெல்லாம் காப்புரிமை முடிஞ்சது, ஐஎம்எஸ்எல்பிங்கற வெப்சைட்ல இலவசமா கிடைக்கும், ஆனா ஆர்கெஸ்ட்ராவே போவிங் (வில் எந்தப் பக்கம் போகணும்ங்கற குறிப்பு) போட்டு பார்ட் அனுப்பினா அந்த போவிங்லதான் வாசிக்கணும், உங்க வாத்தியாருக்குப் பிடிச்ச போவிங்கை அங்க கொண்டு போகாதீங்க.

ஆடிஷன் கேட்டு முடிவு பண்ற கமிட்டி எதைக் கேக்குதுன்னு டான் ஹுவானை வச்சே சொல்றேன். ஆரம்பமே மேல பாயுற ஒரு ஓட்டம், வேகமா வாசிச்சா பளிச்சுனு இருக்கும்னு எல்லாரும் தலைதெறிக்க ஓடுவாங்க. கமிட்டி கேக்குறது வேகத்தை இல்ல. ஓட்டத்துல இருக்குற ஒவ்வொரு நோட்டும் சமமா இருக்கா, மேல போய் நிக்குற நோட்டு சுருதில இருக்கா, அதுக்கப்புறம் வர்ற புள்ளி வச்ச தாளம் உருண்டு மூணு மூணா மாறிப் போயிடுதா, ரெஸ்ட்டை, அதாவது வாசிக்காம நிக்கிற இடைவெளியை, முழுசா எண்ணுறாரா, இதைத்தான். வாசிக்கிறவர் யாருன்னு தெரியாம இருக்க வைக்கிற ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு பேர் பென்சிலோட உக்காந்து முதல் நாலு பார்லயே (தாளக் கட்டத்துலயே) பாதி முடிவு எடுத்துடுவாங்க. ஷூமன் ஸ்கெர்ட்ஸோ இதைவிட நேர்மையான பரீட்சை, நிக்காம ஓடுற பதினாறாம் நோட்டுகள், ஒளிஞ்சுக்க இடமே கிடையாது, வில் ஸ்ட்ரிங்ல துள்ளுறதும் இடது கை விரல் விழுறதும் ஒரு மயிரிழை விலகினாலும் கடைசி வரிசை வரைக்கும் கேக்கும். மோட்சார்ட் 39ல மெதுவான மூவ்மென்ட்டை ஈஸின்னு விட்டுடாதீங்க, நிறைய பேர் வெளில போறது அங்கதான், மெல்லிசா வாசிக்கும்போது தாளம் தளந்துடும்.

எட்டு வாரம் இருக்குன்னு வச்சுக்கோங்க. முதல் ரெண்டு வாரம் பாதி நேரம் கேளுங்க, ஒரே பீஸை மூணு நாலு ஆர்கெஸ்ட்ரா ரெக்கார்டிங்ல, எல்லா வாத்தியத்தோட நோட்டும் சேந்து இருக்குற ஸ்கோரை வச்சுக்கிட்டு கேளுங்க, நீங்க வாசிக்கிற அந்த ஒரு வரிக்குப் பின்னாடி ஹார்ன் என்ன பண்ணுது, டிம்பனி எங்க விழுதுன்னு தலைக்குள்ள ஓடணும், ஏன்னா தனியா வாசிக்கும்போதும் முழு ஆர்கெஸ்ட்ராவும் காதுல கேட்டுட்டு வாசிக்கிறவர் யாரு, வெறும் நோட்டு வாசிக்கிறவர் யாருன்னு கமிட்டிக்கு நல்லாவே தெரியும். அடுத்த மூணு வாரம் மெட்ரோனோம், மெதுவா, அப்புறம் க்ளிக்கை பீட்ல வைக்காம பீட்டுக்கு நடுவுல வச்சு வாசிச்சுப் பாருங்க, தாளம் உங்களோடதா மெட்ரோனோமோடதான்னு அப்பத் தெரியும். தினமும் ஒரு எக்ஸர்ப்ட்டாவது ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி அன்னிக்கே கேளுங்க. கடைசி மூணு வாரம் மாக் ஆடிஷன். சீட்டு எழுதிக் குலுக்கி எது வருதோ அதை வாசிங்க, காலைல வார்ம்-அப் பண்ணாமயே ஒரு தடவ வாசிங்க, ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி வாசிங்க, முக்கியமா வேற வாத்தியக்காரங்க முன்னாடி வாசிங்க, க்ளாரினெட்காரருக்கு உங்க போவிங் பத்திக் கவலையே இல்ல, தாளமும் சுருதியும் மட்டும்தான் அவர் காதுல விழும்.

ரெக்கார்டிங் அனுப்பச் சொன்னா ஒரு எக்ஸர்ப்ட்டுக்குள்ள வெட்டி ஒட்டக் கூடாது. மைக்கை ரெண்டு மூணு மீட்டர் தள்ளி வைங்க, பாத்ரூம் மாதிரி எதிரொலிக்கிற ரூம் வேண்டாம். சுருதியும் பாத்துக்கோங்க, அமெரிக்கால பெரும்பாலும் ஏ நோட்டு 440 ஹெர்ட்ஸ், ஐரோப்பால நிறைய இடத்துல 442, 443.

ஆடிஷன் அன்னிக்கு ஸ்க்ரீன் இருக்கலாம், பாஸ்டன் சிம்ஃபனி 1952ல ஆரம்பிச்சது இப்ப ரொம்பப் பரவலா வந்துடுச்சு. அந்தப் பக்கம் இருக்குறவங்களுக்கு உங்க குரல் கேக்கக் கூடாது, ஏதாவது கேக்கணும்னா பக்கத்துல நிக்குற ப்ராக்டர் காதுல சொல்லுங்க, அவர் கேட்டுச் சொல்லுவார். பாதில தேங்க்யூன்னு நிறுத்தினா பயப்படாதீங்க, வேணும்ங்கறது கேட்டாச்சுன்னுதான் அர்த்தம். ஒவ்வொரு எக்ஸர்ப்ட்டுக்கும் முன்னாடி ஒரு பாரை மனசுக்குள்ள பாடிட்டு ஆரம்பிங்க.

முதல் ரிகர்சலுக்கு முன்னாடி

பார்ட் கைக்கு வந்ததும் முதல்ல முழுசா ஒரு ரெக்கார்டிங்கோட ஓட்டிப் பாத்து கஷ்டமான இடங்களைக் குறிச்சுக்கோங்க. எல்லாப் பக்கத்தையும் சமமா ப்ராக்டிஸ் பண்ணிட்டு இருந்தா நேரம் பத்தாது, ஒரு சிம்ஃபனில உண்மையிலேயே கை வழுக்குற இடம் மூணு நாலு பக்கம்தான் இருக்கும். எங்கெல்லாம் டெம்போ மாறுது, எங்க கண்டக்டர் ரெண்டா அடிப்பாரு எங்க நாலா அடிப்பாரு, எங்க நீளமான ரெஸ்ட்டுக்கு அப்புறம் நுழையணும், அங்க யாரு வாசிக்கிறதை அடையாளமா வச்சு நுழையலாம், இதெல்லாம் வீட்டுலயே தெரிஞ்சிருக்கணும். முதல் ரிகர்சல்ல கத்துக்கலாம்ங்கற எண்ணத்தோட வர்றவரை பக்கத்துல இருக்குறவர் ஒரு பக்கம் திருப்புறதுக்குள்ள கண்டுபிடிச்சுடுவார்.

செக்ஷனுக்குள்ள

இதுதான் காலேஜ்ல யாரும் உக்காந்து சொல்லித் தராதது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

அரை மணி நேரம் முன்னாடி போயிடுங்க. உக்காந்ததும் பக்கத்துல இருக்குற ஸ்டாண்ட் பார்ட்னர்கிட்ட பேர் சொல்லிட்டு, ஸ்டாண்ட் உயரம் சரியா இருக்கான்னு கேளுங்க, அது ரெண்டு பேரோட ஸ்டாண்ட். பெர்ஃப்யூம் வேண்டாம். ரிகர்சல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கை சூடு பண்ண ஸ்கேல் வாசிங்க, அன்னிக்குப் பார்ட்ல இருக்குற கஷ்டமான இடம் வாசிங்க, ஆனா அந்த வாரம் சோலோயிஸ்ட் வாசிக்கப் போற கன்செர்ட்டோவை மட்டும் மேடைல உக்காந்து வாசிச்சுடாதீங்க. தெரியும்னு காட்டுற இடமில்ல அது.

வயலின்ல ஆடியன்ஸ் பக்கம் உக்காந்திருக்குறவர் அவுட்சைட், உள் பக்கம் இருக்குறவர் இன்சைட். ஃபெலோவை பெரும்பாலும் இன்சைட்லதான் உக்கார வைப்பாங்க, அப்போ பக்கம் திருப்புறது உங்க வேலை. பக்கம் முடியறதுக்கு ரெண்டு மூணு பார் முன்னாடியே நீங்க வாசிக்கிறதை நிறுத்திடணும், அவுட்சைட் தொடர்ந்து வாசிப்பார், நீங்க மூலையைப் பிடிச்சு சத்தமில்லாம, அவர் கடைசி பாரைப் பாத்து முடிச்ச நொடில திருப்பணும், திருப்பினதும் பக்கம் படுத்துக்கிட்டிருக்கான்னு ஒரு தட்டுத் தட்டிட்டு அப்புறம் சேந்துக்கணும். கடைசி நோட்டையும் வாசிச்சுட்டுத் திருப்புவோம்னு நெனச்சா ரெண்டு பேரும் அடுத்த வரியைக் கோட்டை விடுவீங்க. மென்மையான இடத்துல திருப்பணும்னா முதல் ரிகர்சல்லயே அந்த மூலையை லேசா மடக்கி வச்சுக்கோங்க.

டிவிசி, அதாவது செக்ஷன் ரெண்டாப் பிரிஞ்சு வாசிக்கிற இடம், வந்தா மேல் வரி அவுட்சைட், கீழ் வரி இன்சைட். ஃபிங்கரிங் எழுதணும்னா அவுட்சைட் நோட்டுக்கு மேல எழுதுவார், நீங்க கீழ எழுதணும், அதுவும் கேட்டுட்டு, சின்னதா. மிருதுவான 2பி பென்சில் ரெண்டு, அழிரப்பர் ஒண்ணு, பேனா கூடவே கூடாது, அந்தப் பார்ட் லைப்ரரியோடது, சில நேரம் வாடகைக்கு வந்தது. பிரின்சிபல், அதாவது செக்ஷன் தலைவர், போவிங் மாத்தினா முன் டெஸ்க்லேர்ந்து (ஒரே ஸ்டாண்ட்ல உக்காருற ஜோடிதான் டெஸ்க்) ஒவ்வொருத்தரா திரும்பிப் பின்னாடி சொல்லிக்கிட்டு வருவாங்க, நீங்க எழுதிட்டு உடனே உங்களுக்குப் பின்னாடி இருக்குறவங்களுக்குக் கடத்தணும், அங்க விட்டுட்டா கடைசி ரெண்டு டெஸ்க் எதிர்த் திசையில வில்லை இழுத்துட்டு இருக்கும்.

எவ்வளவு சத்தமா வாசிக்கணும்? பக்கத்துல இருக்குறவரோட சத்தம் உங்க சத்தத்தைவிட ஒரு துளி கூடக் கேக்கணும், அந்த அளவு. வில்லோட எந்தப் பகுதியில பிரின்சிபல் வாசிக்கிறாரோ அங்கயே நீங்களும், அவர் நுனியில இருக்கும்போது நீங்க நடுவுல இருந்தா தூரத்துலேர்ந்தே தெரியும். பின் டெஸ்க்ல இருந்தா காதை மட்டும் நம்பாதீங்க. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும், 15 மீட்டர் தள்ளி இருக்குற வாத்தியத்தைக் கேட்டுட்டு வாசிச்சா 0.04 நொடி லேட், வேகமான இடத்துல அது பட்டவர்த்தனமா தெரியும். அதனால கண்ணை நம்புங்க, முன்னாடி இருக்குற வில்லைப் பாருங்க, கண்டக்டரைப் பாருங்க. இன்னொண்ணு, சில ஆர்கெஸ்ட்ராக்கள் கண்டக்டர் கை கீழ வந்த நொடில வாசிக்காது, கொஞ்சம் தள்ளித்தான் சத்தம் வரும். முதல் நாள் அது புரியற வரைக்கும் நீங்க முதல் ஆளா நுழையாதீங்க, முதல் வயலின் தலைவரான கான்சர்ட்மாஸ்டர் வில்லோட சேந்து நுழைங்க. ரெஸ்ட்ல சந்தேகம் வந்தா வாசிக்காம இருக்குறதே நல்லது, ஒரு பார் விட்டதை யாரும் கவனிக்க மாட்டாங்க, ரெஸ்ட்ல தனியா ஒரு நோட்டு விழுந்தா ஹாலே கவனிக்கும்.

சந்தேகம்னா கண்டக்டரைப் பாத்துக் கை தூக்கக் கூடாது. பார்ட்னர்கிட்ட மெதுவா கேளுங்க, அவருக்கும் தெரியலன்னா அவர் முன்னாடி கேப்பார், பிரின்சிபல் கேக்கணும்னா கேப்பார். யாராவது தப்பு பண்ணினா திரும்பிப் பாக்காதீங்க. சோலோ வாசிச்சவர் நல்லா வாசிச்சா எல்லாரும் தரையில காலை லேசா தேய்ப்பாங்க, நீங்களும் தேய்ங்க, அது மனசார குடுக்குற பாராட்டு.

உடம்பும் காதும்

வாரம் ஆறு மணி நேரம் ஆர்கெஸ்ட்ரால வாசிச்சிட்டு இருந்தவர் திடீர்னு இருபது மணி நேரம் வாசிச்சா தோளும் மணிக்கட்டும் கேள்வி கேக்கும். ஆர்கெஸ்ட்ரா வாரத்துல சொந்த ப்ராக்டிஸைப் பாதியாக் குறைங்க, புரூக்னர் மாதிரி பக்கம் பக்கமா ட்ரெமலோ (வில்லை வேகமா நடுக்குற மாதிரி வாசிக்கிறது) வர்ற வாரத்துல இன்னும் குறைங்க, வலியோட வாசிச்சுப் பழகாதீங்க. பிராஸுக்கும் பிக்கலோவுக்கும் முன்னாடி உக்காந்தா ம்யூசிஷியன் இயர்ப்ளக் போடுங்க. 85 டெசிபல்ல எட்டு மணி நேரம்தான் பாதுகாப்புன்னு வேலையிடப் பாதுகாப்பை ஆராயுற அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு சொல்லுது, அதுக்கு மேல ஒவ்வொரு மூணு டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்.

கச்சேரி முடிஞ்சப்புறம்

அந்த வாரம் முடியறப்போ பார்ட்னர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, அடுத்த தடவ நான் என்ன மாத்திக்கணும்? எப்படி வாசிச்சேன்னு கேட்டா நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. சொன்னதை எழுதி வச்சு, அடுத்த ப்ரோக்ராம்ல அதை மாத்திக் காட்டுங்க. மாறினதைக் கவனிக்கிறவங்க நீங்க நினைக்கிறதைவிட ஜாஸ்தி.

சீசன் முடிவுல மென்டார்கிட்ட ஒரு முழு மாக் ஆடிஷன் கேளுங்க, முடிஞ்சா செக்ஷன்ல இன்னும் ரெண்டு பேரையும் உக்கார வச்சு, அவங்க எழுதிக் குடுக்குற கமென்ட்டைப் பத்திரமா வைங்க. வாசிச்ச ப்ரோக்ராம் எல்லாத்தையும், எந்தக் கண்டக்டர், எந்த பீஸ்னு ரெஸ்யூமேல சேத்துடுங்க. அப்புறம் வாசிக்க ஆட்களைக் கூப்பிடுற பெர்சொனெல் மேனேஜருக்கு ஒரு சின்ன மெயில், நன்றி சொல்லி, அடுத்த சீசன்ல எந்தெந்த மாசம் ஃப்ரீன்னு தேதியோட போட்டு, ஃபோன் நம்பரோட. அவர் கூப்பிட்டா அரை மணி நேரத்துக்குள்ள பதில் சொல்லுங்க, முடியாதுன்னாலும் உடனே முடியாதுன்னு சொல்லுங்க, லிஸ்ட்ல அடுத்த ஆளைத் தேட அவருக்கு நேரம் வேணும்.